கள்ளுக்கடைக்குப் போகும் வழி

மணலூர்பேட்டையில் தென்பெண்ணைப் பாலத்தின் மேல் நின்று பாருங்கள். கரையோரத்திலும் வயல் வரப்பிலும் பனைகள் தெரியும். பெண்ணை என்பது ஆற்றின் பெயர்; பழந்தமிழில் பனைக்கும் அதுவே பெயர். தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் இந்த மணலுக்குத்தான் தீர்த்தவாரிக்கு வருகிறார். அன்று கூடும் கூட்டத்தோடு வரும் வெளியூர் நண்பர்கள் மரங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு பனை நிக்குதே, ஒரு கள்ளுக்கடை இல்லையா?" என்று கேட்காமல் போனதில்லை.

இல்லை. இருக்கும் இடங்களுக்குப் போகும் வழியையும், போன இடத்தில் நடந்துகொள்ளும் முறையையும் இந்த அத்தியாயம் சொல்கிறது. குடிக்காதவரைக் குடிக்கச் சொல்வது இதன் வேலை ஆகாது. குடிப்பவர் தெரிந்து குடிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கள் உயிருள்ள பானம். அது வந்த மரம் தெரிய வேண்டும், இறக்கிய நேரம் தெரிய வேண்டும், ஊற்றுகிற ஆள் தெரிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் எழுந்து வந்துவிட வேண்டும். இனி வரும் எல்லாம் இதன் விரிவுதான்.

முதலில் சட்டம்

1937இல் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் கள்ளுக்கடைகள் மறுபடி திறந்தன, மூன்றாண்டுக்குள் மூடப்பட்டன. 1981இல் திறந்தவை 1987 ஜனவரி 1 முதல் மூடியே கிடக்கின்றன. ஆகவே தமிழ்நாட்டில் கள் இறக்குவதும் விற்பதும் குற்றம். "தோப்புல ரகசியமா கிடைக்கும் சார்" என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். அங்கே சட்டம் மட்டும் பிரச்சினை இல்லை, அந்தக் கலயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க ஆளே கிடையாது.

இந்த எச்சரிக்கையை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டாம் முறை சொல்லத் தேவையில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு என்றானது. செத்தவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். குறைந்த காசுக்குக் கிடைத்ததை, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் குடித்தவர்கள்.

கள் எது, பதநீர் எது

பனையின் பாளையோ தென்னையின் பாளையோ, அதைக் கட்டி, பதமாகத் தட்டி, நுனியைச் சீவிவிட்டால் இனிப்பான சாறு சொட்டும். அதைக் கலயத்தில் பிடிக்கிறார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காது, அது பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் சாற்றைப் புளிக்க வைக்கும்; அது கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்புதான்.

புளிப்பது மரத்திலேயே தொடங்கிவிடுகிறது. காலையில் இறக்கியது இனிப்பு தூக்கலாக, போதை குறைவாக இருக்கும். மதியத்தில் நுரையும் சுறுசுறுப்பும் ஏறும். சாயங்காலம் புளிப்பும் போதையும் கூடும். மறுநாள் அது காடிப் பக்கம் திரும்பிவிடும். இந்த ஓட்டத்தை நிறுத்த முடியாது. நிறுத்தியது போல் தெரிந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

பனங்கள்ளுக்குப் பருவம் உண்டு. தை, மாசியில் தொடங்கிக் கோடை முழுக்க வரும். தென்னங்கள் ஆண்டு முழுவதும் கிடைக்கும்.

எங்கே போவது

*புதுச்சேரி.* நமக்கு மிக அருகில் இருப்பது இதுதான். மணலூர்பேட்டையிலிருந்து திருக்கோவிலூர், விழுப்புரம் வழியாக ஏறக்குறைய 100 கிலோமீட்டர். சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு வந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. 1954 வரை அப்படித்தான். அதனால் அங்கே கள்ளுக்கடை அறுபடாமல் வந்திருக்கிறது. அரசு கடைகளை ஏலம் விட்டு உரிமம் கொடுக்கிறது. நகரத்துக் கடற்கரைப் பக்கம் தேடாதீர்கள். வில்லியனூர், பாகூர், திருக்கனூர் போன்ற ஊர்ப்புறங்களுக்குப் போய், தோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கடையைத் தேடுங்கள். சாராயக்கடையும் அங்கே உரிமத்தோடு நடக்கிறது, பலகையைப் படித்துவிட்டு நுழையுங்கள். குடிக்கும் வயது 18. அங்கிருந்து ஒரு பாட்டில் கள்ளைக்கூடத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, சோதனைச் சாவடியில் வண்டியோடு மாட்டுவீர்கள்.

*பாலக்காடு, சித்தூர்.* மணலூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம் போய் ரயில் பிடித்தால் பாலக்காடு. அங்கிருந்து சித்தூருக்குப் பேருந்து. கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவது இந்தத் தாலுக்காவின் தென்னந்தோப்புகளிலிருந்துதான். ஊற்றுக்கண்ணிலேயே குடிப்பது என்றால் இங்கே குடிக்க வேண்டும். தமிழ் எங்கும் செல்லும். கேரளம் 1996இல் சாராயத்தை நிறுத்தியது, கள்ளை நிறுத்தவில்லை. மரமேறிகளுக்குச் சங்கம் உண்டு, நல நிதி உண்டு. கடைக்கு அங்கே 'ஷாப்பு' என்று பெயர். குடிக்கும் வயது 23. இன்னும் தெற்கே போகிறவர்கள் எர்ணாகுளம் பக்கம் உதயம்பேரூரில் உள்ள முல்லப்பந்தல் ஷாப்பைக் கேட்டுப் போகலாம். கறிக்காகவே குடும்பத்தோடு வருகிற கடை அது.

*யாழ்ப்பாணம்.* நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடத் தொடங்கிய பிறகு இது எட்டும் தூரம்தான். கப்பல் ஓடும் நாளை முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள். கள்ளுக்கடைக்கு அங்கே 'தவறணை' என்று பெயர். பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் அவற்றை நடத்துகின்றன; இறக்குகிறவரே உறுப்பினர். பனையோலையை மடித்துக் கட்டிய 'பிளா'வில் கள் குடிப்பது அந்த மண்ணின் பழைய வழக்கம். பௌர்ணமி நாளில் மதுக்கடைகள் மூடியிருக்கும். அதை 'போயா' என்பார்கள். குடிக்கும் வயது 21.

கடைக்குள்

காலை ஏழரைக்குள் போய்விடுங்கள். நான் புதுச்சேரிப் பக்கம் போகும்போதெல்லாம் விழுப்புரத்தில் முதல் நாள் இரவே தங்கிக்கொள்வேன். பேருந்தில் போவது நல்லது. சொந்த வண்டியில் போனால் குடிக்காத ஒருவர் ஓட்ட வர வேண்டும். அவருக்கு இளநீர் வாங்கிக் கொடுங்கள்.

ஒரு காலைப் பொழுதை அப்படியே சொல்கிறேன். கீற்றுக் கொட்டகை. மண் தரை, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். இரண்டு பெஞ்சு, ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர்கள். சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன் தொங்க மரமேறி வந்து இறங்கினார். இடுப்பில் பெட்டி, அதில் பாளை சீவும் கத்தி. நெஞ்சிலும் முன்கையிலும் மரம் உரசிக் காய்த்த தழும்பு. கேனைத் திறந்ததும் ஈ மொய்த்தது, இரண்டு தேனீயும் கூடவே வந்தன. கடைக்காரர் தென்னையின் பன்னாடையைப் பீப்பாயின் வாயில் விரித்துப் பிடித்தார். வெள்ளைச் சாறு நுரைத்துக்கொண்டு இறங்கியது. எறும்பும் பூத்துகளும் பன்னாடையில் தங்கின.

"அண்ணே, இது எப்ப எறக்குனது?"

"இப்பதான் சார், ஆறரை மணிக் கள்ளு. அதோ அந்தத் தோப்பு. மத்தியானம் வந்தீங்கன்னா சுள்ளுன்னு இருக்கும்."

நான் தேடிப் போன மூன்றும் அந்த ஒரே பதிலில் வந்துவிட்டன. மரம் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. நேரத்தைச் சொல்லிவிட்டார். இறக்கியவர் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைக்கிறார். இப்படிப் பதில் வருகிற கடையில் உட்காருங்கள். "நல்ல கள்ளு சார், குடிங்க" என்று மட்டும் சொல்கிற கடையில் உட்காராதீர்கள்.

முறைகள் எளியவை. முதலில் ஒரு தம்ளர் மட்டும் கேளுங்கள். மூக்கருகே கொண்டுபோங்கள், இனிப்போடு மாவு புளித்த வாசம் வர வேண்டும். ஒரு வாய் குடித்துவிட்டுக் காத்திருங்கள். நல்ல கள் நாக்கில் முதலில் இனித்து, பிறகு லேசாகப் புளித்து, ஓரத்தில் சுருக்கென்று கடிக்கும். எழும்போது காசு கொடுத்தால் போதும் என்றாலும் புது ஆளாக இருந்தால் முன்பே கேட்டுக் கொடுத்துவிடுங்கள், கணக்கில் பேச்சு வராது. பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் விடிகாலையிலிருந்து வேலை செய்துவிட்டு வந்தவர்கள். வணக்கம் சொல்லுங்கள், அவர்கள் பேசினால் பேசுங்கள். கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள். மரமேறிக்கு ஒரு டீயோ பன்னோ வாங்கிக் கொடுத்தால் மகிழ்வார். கள்ளை வாங்கி ஊற்றாதீர்கள், அவர் சாயங்காலம் மறுபடியும் மரம் ஏற வேண்டும்.

அளவைப் பற்றி ஒன்று. கள் மென்மையாக இறங்கும், தண்ணீர் போலக் குடிக்கத் தோன்றும். கேரளத்து விதிப்படி தென்னங்கள்ளில் 8 சதவீதத்துக்குச் சற்று மேலேயும் ஆல்கஹால் இருக்கலாம். பீர்களில் பல அதற்குக் கீழேதான். இரண்டு தம்ளரோடு எழுபவர் பொழுதை அனுபவித்தவர். கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் தொடக்கூடாது.

தொட்டுக்கொள்ள

வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். புதுச்சேரிப் பக்கத்துக் கடைகளில் அவித்த முட்டை, சுண்டல், வறுத்த மீன், ஊறுகாய் என்று எளிமையாக இருக்கும். கேரள ஷாப்பில் கறிதான் ராஜா. கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) சிவந்த மீன்கறியும், தாறாவு (வாத்து), நண்டு, கக்கா (சிப்பி) இறைச்சி என்று எழுதிப் போட்டிருப்பார்கள். குடம்புளியும் மிளகாயும் தூக்கலாக இருக்கும். அந்தக் காரத்துக்கு இளங்கள்ளின் இனிப்பு பொருத்தமாக அமையும். சைவக்காரர்கள் கப்பையும் உள்ளிச் சம்மந்தியும் (வெங்காயத் துவையல்) கேட்டு வாங்கலாம். குடிக்கவே விருப்பமில்லாதவர் ஆப்பம் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆப்ப மாவைப் பொங்க வைப்பதும் கள்தான், கல்லில் வெந்ததும் போதை போய் வாசம் மட்டும் நிற்கும்.

எழுந்து வர வேண்டிய நேரம்

சாயங்காலம் நான்கு மணிக்கும் காலைக் கள் போலவே இனித்தால் சந்தேகப்படுங்கள். சர்க்கரையோ சாக்கரினோ சேர்ந்திருக்கும். குடித்து முடித்த பின்னும் ஒட்டிக்கொண்டே இருக்கும் இனிப்பு, கசப்பாக முடியும் இனிப்பு, நுரையே எழும்பாத பால் வெள்ளை, அரைத் தம்ளரிலேயே கண்ணைச் சுழற்றும் தூக்கம், எதுவாக இருந்தாலும் தம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். மயக்க மருந்து கலந்த கள்ளால் 2025 ஜூலையில் ஹைதராபாத்தில் உயிர்கள் போயின. பக்கத்தில் தோப்பே இல்லாத நகரத்துக் கடையில் நாள் முழுக்கக் கள் வற்றாமல் வருகிறது என்றால், அது எந்த மரத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

ஒருமுறை நானே இந்த விதியை மீறினேன். பயணக் களைப்பில் மதியம் மூன்று மணிக்கு வழியில் கண்ட ஒரு கடையில் உட்கார்ந்தேன். மரத்தைக் கேட்கவில்லை, நேரத்தைக் கேட்கவில்லை. தித்திப்பாக இருந்தது, இரண்டாவது தம்ளரும் வாங்கினேன். அன்று இரவு முழுக்க வாந்தி; மறுநாள் பகல் வரை தலை தூக்க முடியவில்லை. அந்தத் தித்திப்புதான் அடையாளம் என்று பிறகு புரிந்தது.

மெத்தனால் இன்னும் கொடியது. அதை வாசத்தாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாமல் இருந்து, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் மங்குதல் என்று வரும். 'கண் மங்குது' என்று யார் சொன்னாலும் மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் உண்டு, அவை பலிக்க ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிப்பவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்று நினைப்பவர் 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

இங்கிலாந்து போகிறவர்களுக்கு

நம் பிள்ளைகள் பலர் இப்போது அங்கே படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். அங்குள்ள சந்தை ஊர்களின் பழைய பப்புக்குள் நுழைந்தால் நம் கள்ளுக்கடையின் தூரத்து உறவு அங்கே இருக்கிறது. 'ரியல் ஏல்' என்பது வடிகட்டி, உயிரைக் கொன்று அடைத்த பீர் அல்ல. பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடிருந்து இரண்டாம் முறை புளித்துக்கொண்டிருக்கும் பானம். நிலவறையில் 11 முதல் 13 டிகிரியில் வைத்து, வாயு ஏற்றாமல், கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். திறந்த பீப்பாய் மூன்று நாளில் தீர வேண்டும், இல்லையென்றால் காடியாகும். பெரிய ஆலைகள் இதை அழித்துவிடும் என்று கண்ட சிலர் 1971இல் 'கேம்ரா' என்ற இயக்கத்தைத் தொடங்கி, குடிப்பவர்களைத் திரட்டி அதைக் காப்பாற்றினார்கள். தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகள் மறுபடி திறந்ததும் அதே ஆண்டுதான். அவர்களுக்கு இயக்கம் நிலைத்தது, நம்மிடம் கடை நிலைக்கவில்லை.

அங்கே மேசைக்கு வந்து யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களே கவுன்டருக்குப் போய்க் கேட்டு, காசு கொடுத்து, கையில் வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு பைன்ட் என்பது 568 மில்லி. அரை பைன்ட் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கூட்டமாகப் போனால் ஒருவர் மாற்றி ஒருவர் எல்லோருக்கும் வாங்குவது வழக்கம். உங்கள் முறையைத் தவறவிடாதீர்கள். ஏல் புளித்திருந்தால் தாழ்மையாகச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள், நல்ல கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றித் தருவார். சைவக்காரர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் பலர் சேர்க்கிறார்கள். சேர்க்காததும் கிடைக்கும்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கு

எங்கும் போக முடியாதவர் கோடையில் காலை எட்டு மணிக்குள் சாலையோரப் பதநீர்க்காரரைத் தேடுங்கள். பச்சை ஓலையை மடித்த பட்டையில் ஊற்றி, நுங்கை வழித்துப் போடச் சொல்லிக் குடியுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கியிருக்கும், கடைசி மடக்கை விட்டுவிடுங்கள். ஓலையின் வாசமும் சாற்றின் இனிப்பும் சேர்ந்து வரும் அந்த முதல் வாய்க்கு ஈடு கிடையாது. இங்கும் கேள்வி அதேதான்: எந்த மரம், எப்போது இறக்கியது, இறக்கியவர் யார். கேட்டால் பதநீர்க்காரர் கையை நீட்டிப் பனையைக் காட்டுவார். அப்படிக் காட்டும் ஆள் ஊரில் இருக்கும்வரை அந்தப் பனையை யாரும் செங்கல் சூளைக்கு வெட்ட விடமாட்டார்கள்.

திரும்பும் வழியில்

புதுச்சேரியிலிருந்து வரும்போது திருக்கோவிலூரில் இறங்குங்கள். தென்பெண்ணையின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. பாரியின் பெண்களுக்கு வாழ்வமைத்துக் கொடுத்த பிறகு கபிலர் உயிர் விட்ட இடம் என்று மரபு சொல்கிறது. இந்த ஆற்றுநாட்டை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியை அவர் புறநானூற்றின் 123ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். காலையிலேயே கள் குடித்து மகிழ்ந்திருக்கும்போது தேரைக் கொடுப்பது யாருக்கும் எளிது. காரியோ குடித்து மகிழாமலே தேர்களைக் கொடுத்தான் என்பது அந்தப் பாட்டின் கருத்து.

கள் புழங்கிய நாட்டில், கள்ளை நன்றாக அறிந்த புலவர் சொன்ன சொல் இது. எத்தனை தம்ளர், எவ்வளவு காசு, எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் வண்டி ஓட்டுவது என்பதையெல்லாம் முதல் தம்ளருக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவைக் குடித்த பிறகு மாற்றாதீர்கள். வீட்டில் காத்திருப்பவருக்கு வாங்க நினைத்ததைக் கடைக்குள் நுழைவதற்கு முன்பே வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.